தோட்டத்துக்குள் லைன் ஏன் கிடைப்பதில்லை? உலோகத்திலும் மரத்திலும் பட்டுச் சிதறும் அலைகளைக் கணினியில் கணக்கிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு ஆண்டெனா சிமுலேஷன் வேலை செய்கிறேன் என்று சொன்னால், அடுத்து வருவது "அப்ப எங்க செம்பனைத் தோட்டத்துல ஏன் கைப்பேசிக்கு லைன் கிடைக்கல?" என்ற கேள்விதான். பிறகு படிவம் ஆறு மாணவர்கள், பொறியியல் படிக்கும் பிள்ளைகள், கூரை வேலை செய்பவர் என்று ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள். அடிக்கடி வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கணக்கு வரும் இடத்தில் அதைச் சொற்களிலேயே சொல்லியிருக்கிறேன்.

சிதறல் என்றால் என்ன? இதில் கணக்கிட என்ன இருக்கிறது?

ஒரு மின்காந்த அலை ஏதோ ஒரு பொருளின் மேல் பட்டால், அந்தப் பொருளுக்குள் இருக்கும் மின்னூட்டங்கள் அலையின் தாளத்துக்கு ஆடத் தொடங்கும். ஆடுகிற மின்னூட்டம் சும்மா இருக்காது, தானும் ஓர் அலையை நாலாபக்கமும் அனுப்பும். அதுதான் சிதறிய அலை. நம் கைப்பேசி பிடிப்பது வந்த அலையும் சிதறிய அலையும் சேர்ந்த கூட்டுத்தொகை. பொருளுக்குப் பின்னால் விழும் நிழல்கூட இப்படி வருவதுதான். அங்கே சிதறிய அலை, வந்த அலைக்கு நேர் எதிராக ஆடி அதை அழித்துவிடுகிறது.

விதிகள் புதியவை அல்ல. மேக்ஸ்வெல் 1865-லேயே சமன்பாடுகளை வெளியிட்டுவிட்டார். தொல்லை வடிவத்தில்தான் இருக்கிறது. கோளத்துக்கு ஜெர்மானியரான குஸ்டாவ் மீ 1908-இல் முழு விடையையும் காகிதத்திலேயே எழுதிவிட்டார். முடிவில்லா உருளை மாதிரி இன்னும் சில வடிவங்களுக்கும் அப்படி எழுத முடியும். லோரிக்கோ, செம்பனை மட்டைக்கோ, மனிதத் தலைக்கோ முடியாது. அதற்குத்தான் கணினி.

உலோகத்துக்கும் மரத்துக்கும் கணக்கில் அப்படி என்ன வித்தியாசம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

நல்ல உலோகத்தில் அலை உள்ளே போகாது. மின்னோட்டம் முழுவதும் மேற்பரப்பில், மெல்லிய தோலில் ஓடும். 900 மெகாஹெர்ட்ஸில் செம்புக்கு அந்தத் தோலின் கனம் சுமார் 2 மைக்ரோமீட்டர், துத்தநாகத்துக்குச் சுமார் 4. ஆகவே நாம் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுதான்: மேற்பரப்பில் மின்னோட்டம் எங்கே, எவ்வளவு, எந்தப் பக்கம் ஓடுகிறது? அது தெரிந்தால் மற்றதெல்லாம் தெரிந்த மாதிரி.

மரம், நீர், பிளாஸ்டிக், மனித உடம்பு இவையெல்லாம் மின்கடத்தாப் பொருள் வகை. அலை இவற்றின் உள்ளே நுழையும், வேகம் குறையும், அலைநீளம் சுருங்கும், கொஞ்சம் வெப்பமாகப் போகும், மிச்சம் மறுபக்கம் வெளியேறும். எவ்வளவு சுருங்கும் என்பதை எப்சிலான் என்ற எண் சொல்கிறது. அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் அலைநீளத்தை வகுக்க வேண்டும். காற்றுக்கு எப்சிலான் 1, உலர்ந்த பலகைக்கு 2-ஐ ஒட்டி, குறைந்த அதிர்வெண்ணில் தூய நீருக்குச் சுமார் 80. பச்சை மரம் நீரைச் சுமப்பதால் பலகையைவிடப் பல மடங்கு மேலே நிற்கும்.

உள்ளே முழுவதும் ஒரே பொருளாக இருந்தால் இங்கேயும் மேற்பரப்பை மட்டும் வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் மின்னோட்டத்தோடு காந்த மின்னோட்டம் என்ற கற்பனை ஓட்டம் ஒன்றையும் சேர்த்துத் தேட வேண்டும். தெரியாத எண்கள் இரண்டு மடங்கு, அவற்றைத் தீர்க்க எழுதும் எண் அட்டவணையான மேட்ரிக்ஸ் நான்கு மடங்கு. உள்ளே இடத்துக்கு இடம் பொருள் மாறினால் (தோல், எலும்பு, மூளை மாதிரி) மேற்பரப்பு போதாது, கன அளவு முழுவதையும் துண்டு போட வேண்டியதுதான்.

சின்னப் பொருள்களில் இன்னொரு வேடிக்கை. அலைநீளத்தைவிட மிகச் சிறிய உலோக உருண்டை வந்த வழியே திருப்பி அனுப்பும் சக்தியின் சூத்திரத்தில் முன்னால் 9 என்ற எண் நிற்கும். அதே அளவு மின்கடத்தா உருண்டைக்கு அந்த எண் 4-ஐத் தாண்டாது. உலோகத்தின் தோலில் வளையமாகவும் மின்னோட்டம் ஓடி ஒரு காந்தப் பங்கைச் சேர்ப்பதுதான் காரணம்.

எங்கள் லயத்து வீட்டில் தகரக் கூரை. உள்ளே போனால் லைன் போய்விடுகிறது. கூரைதான் காரணமா?

பெரும்பாலும் ஆமாம். தகரத்தின் மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சே தோல் கனத்தைவிடத் தடிமன். கூரை வழியாக எதுவும் ஊடுருவி வராது. உள்ளே கிடைக்கும் கொஞ்ச சிக்னல் சன்னல், கதவு, கூரைக்கும் சுவருக்கும் இடையில் விட்ட இடைவெளி வழியாக வருவது. பலகைச் சுவராக இருந்தால் அதன் வழியாகவும் வரும். கூரையில் ஆணி ஓட்டை இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். அலைநீளத்தைவிட மிகச் சிறிய ஓட்டை வழியாக வருவது கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. மழை ஒழுகும், லைன் ஒழுகாது.

சரி, கணினி இதை எப்படித்தான் போடுகிறது?

இரண்டு பெரிய வழிகள்.

முதலாவது மொமென்ட் முறை. அமெரிக்கரான ராஜர் ஹாரிங்டன் 1960களில் மின்காந்தத்துக்கு ஒழுங்காக வகுத்துக் கொடுத்தார். பொருளின் மேற்பரப்பைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டுவோம். இரண்டு முக்கோணங்கள் சேரும் ஒவ்வொரு விளிம்பையும் தாண்டி எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது என்பது ஒரு தெரியாத எண். இந்த விளிம்புக் கணக்கை 1982-இல் ராவ், வில்டன், கிளிசன் என்ற மூவர் கொடுத்தார்கள். மூவரின் முதலெழுத்துகளையே அதற்குப் பெயராக வைத்து இன்றும் அழைக்கிறார்கள். ஒவ்வொரு விளிம்பும் மற்ற எல்லா விளிம்புகளையும் எப்படித் தொந்தரவு செய்கிறது என்று எழுதினால் ஒரு பெரிய மேட்ரிக்ஸ் வரும். தீர்த்தால் மின்னோட்டம் கிடைக்கும். சுற்றியுள்ள வெற்றிடத்தைத் துண்டு போடவே வேண்டாம் என்பது இதன் பெரிய லாபம்.

இரண்டாவது வழி, கேன் யீ என்பவர் 1966-இல் சொன்னது. பொருளையும் சுற்றியுள்ள காற்றையும் சேர்த்துச் சதுரப் பெட்டிகளாகப் பிரித்து, மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் அரைப் பெட்டி தள்ளித் தள்ளி வைத்து, காலத்தை அடி அடியாக நகர்த்திக்கொண்டே போவது. மேட்ரிக்ஸ் எதுவும் தீர்க்க வேண்டாம். பக்கத்துப் பெட்டியைப் பார்த்துக் கூட்டிக் கழித்தால் போதும். ஒரு கல்லூரி மாணவர் ஒரே நாளில் எழுதிவிடலாம், அவ்வளவு எளிது. ஆனால் கால அடிக்கு ஒரு வரம்பு உண்டு. பெட்டியின் பக்கத்தை ஒளிவேகத்தாலும் 3-இன் வர்க்கமூலத்தாலும் வகுத்தால் வருவதுதான் உச்சம். ஒன்றரை சென்டிமீட்டர் பெட்டிக்கு அது சுமார் 29 பிக்கோ வினாடி. தாண்டினால் எண்கள் வெடித்துத் திரை முழுவதும் குப்பையாகும். இன்னொரு தலைவலி, பெட்டி முடியும் இடத்தில் அலை மோதித் திரும்பி வருவது. 1994-இல் பிரான்சின் பெரஞ்சே, அலையைத் திருப்பாமல் விழுங்கிவிடும் செயற்கைச் சுவர் ஒன்றைக் கண்டுபிடித்த பிறகுதான் இந்த முறைக்கு உண்மையான மவுசு வந்தது.

இவை தவிர, கன அளவைச் சின்னத் துண்டுகளாக வெட்டித் தீர்க்கும் ஃபைனைட் எலிமென்ட் முறையும் இருக்கிறது. சிக்கலான உட்பொருளுக்கும் வளைந்த வடிவத்துக்கும் நல்லது, சிவில் பொறியாளர்களும் பயன்படுத்துகிறார்கள்.

எந்த முறையை எதற்கு எடுக்க வேண்டும்?

வெறும் உலோகம், திறந்த வெளி என்றால் மொமென்ட் முறை. உள்ளே பல பொருள் கலந்திருந்தால், அல்லது ஒரே ஓட்டத்தில் பல அதிர்வெண்களுக்கு விடை வேண்டுமென்றால் யீ முறை. சதுரப் பெட்டியால் வளைந்த உலோகத்தைக் கட்டினால் படிக்கட்டு மாதிரி வரும், அந்தப் பிழை எளிதில் போகாது. கையில் இருக்கும் மென்பொருளுக்கு ஏற்றபடி கேள்வியை வளைப்பவர்கள்தான் அதிகம். எனக்கு அது பிடிப்பதில்லை.

என் மடிக்கணினி போதுமா, அண்ணே?

பொருள் எத்தனை அலைநீளம் என்பதைப் பொறுத்தது, தம்பி. மீட்டரில் அளந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஓர் அலைநீளத்துக்குக் குறைந்தது பத்துத் துண்டு என்பது நடைமுறை விதி.

செப்பாக் தக்ராவ் பந்தை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு சுமார் 42 சென்டிமீட்டர். அது பிரம்பாகவோ பிளாஸ்டிக்காகவோ இல்லாமல் முழு உலோக உருண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 15 சென்டிமீட்டர், துண்டின் பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர். 600-க்கும் குறைவான முக்கோணங்கள், 900-க்கும் குறைவான விளிம்புகள், மேட்ரிக்ஸ் சுமார் 12 மெகாபைட். பழைய மடிக்கணினியே இமைப்பதற்குள் முடித்துவிடும்.

இப்போது 1 மீட்டர் விட்டமுள்ள உலோகக் கோளம். 1 கிகாஹெர்ட்ஸில் விளிம்புகள் சுமார் 12,000, மேட்ரிக்ஸ் 2.3 ஜிபி. இன்னும் பயமில்லை. அதிர்வெண்ணை இரண்டு மடங்காக்குங்கள்: விளிம்புகள் நான்கு மடங்கு, நினைவகம் பதினாறு மடங்கு, அதாவது 37 ஜிபி. நேராகத் தீர்க்கும் நேரமோ அறுபத்து நான்கு மடங்கு. 10 கிகாஹெர்ட்ஸுக்குப் போனால் 12 லட்சம் விளிம்புகள், 23,000 ஜிபி. கதை முடிந்தது.

இந்தச் சுவரை உடைத்தது ஃபாஸ்ட் மல்டிபோல் என்ற வழி. தூரத்தில் இருக்கும் விளிம்புகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் கூட்டமாகச் சேர்த்துப் பேசவைக்கும் உத்தி இது. கணிதவியலாளர் விளாதிமிர் ரோக்லின் அடித்தளம் போட்டார். 1990களில் இலினாய் பல்கலைக்கழகத்தில் இதைப் பல அடுக்காக்கி, பல மில்லியன் தெரியாத எண்கள் வரை கொண்டுபோன குழுவை நடத்தியவர் சியூ வெங் சோ, நம் மலேசியாவில் பிறந்தவர். இது இங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரியவே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

யீ முறையில் நிலைமை வேறு. அதிர்வெண் இரண்டு மடங்கானால் நினைவகம் எட்டு மடங்கு, நேரம் பதினாறு மடங்கு. ஆனால் எப்சிலான் 16 உள்ள பொருள் வந்து உட்கார்ந்தால் அலைநீளம் நான்கில் ஒன்றாகும், எல்லாப் பெட்டியையும் அதற்கேற்பச் சிறிதாக்கினால் எண்ணிக்கை 64 மடங்கு. மின்கடத்தாப் பொருள் கணினியைக் கொல்வது இப்படித்தான்.

வந்த விடை சரி என்று எப்படி நம்புவது?

வண்ணப்படம் அழகாக வந்துவிட்டது என்பதற்காக நம்பாதீர்கள். தவறான விடையும் அதே வண்ணத்தில்தான் வரும்.

விடை ஏற்கெனவே தெரிந்த பொருளை முதலில் போட்டுப் பாருங்கள். அதற்குக் கோளத்தை மிஞ்சியது இல்லை. நம் உலோகத் தக்ராவ் பந்தின் மீது அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போனால், முதலில் திரும்பும் சக்தி அதிர்வெண்ணின் நான்காம் அடுக்காக ஏறும். சுற்றளவும் அலைநீளமும் ஏறத்தாழ ஒன்றாகும் இடத்தில், அதாவது 700 சொச்சம் மெகாஹெர்ட்ஸில், பந்தின் குறுக்குப் பரப்பைப் போல மூன்றரை மடங்குக்கும் சற்று மேலான உச்சத்தைத் தொடும். அப்புறம் ஏறி இறங்கி, மேலே போகப்போக அந்தக் குறுக்குப் பரப்பிலேயே அடங்கும். முன்பக்கம் நேராகத் திரும்பும் அலையும், பந்தின் பின்பக்கத்தைச் சுற்றி ஊர்ந்து வரும் அலையும் சேர்ந்தும் முரண்பட்டும் ஆடுவதால் இந்த ஏற்ற இறக்கம். உங்கள் நிரல் இந்த மலையையும் பள்ளத்தையும் சரியான இடத்தில் காட்டாவிட்டால், அதை வைத்து லோரியைக் கணக்கிட்டு என்ன பயன்?

அதே பந்தில் இன்னொரு பொறி இருக்கிறது. மின்புலச் சமன்பாட்டை மட்டும் வைத்து மொமென்ட் முறை எழுதினால் 1.96 கிகாஹெர்ட்ஸ் பக்கம் மின்னோட்டம் கன்னாபின்னா என்று வரும். பந்தின் உள்ளே எதுவும் நுழையாது என்று நமக்குத் தெரியும். ஆனால் சமன்பாட்டுக்கு உள்ளும் வெளியும் தெரியாது. உள்வெற்றிடம் இயல்பாக அதிரும் அதிர்வெண் அது, எனவே விடை ஒன்றாக நிற்காமல் ஆடுகிறது. மின்புலச் சமன்பாட்டையும் காந்தப்புலச் சமன்பாட்டையும் கலந்து எழுதினால் நோய் தீரும். மூடிய உலோகப் பொருளுக்கு எப்போதும் கலவையையே எடுங்கள்.

கூடவே, மெஷ்ஷின், அதாவது வெட்டிய துண்டுகளின், அளவைப் பாதியாக்கி மறுபடியும் ஓட்டிப் பாருங்கள். விடை கணிசமாக நகர்ந்தால் முதல் விடை விடையே அல்ல.

சரி, செம்பனைத் தோட்டத்துக்குள் லைன் ஏன் கிடைப்பதில்லை?

9 மீட்டர் முக்கோண இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டருக்குச் சுமார் 143 மரம். ஒவ்வொன்றும் நீர் நிறைந்த பெரிய மின்கடத்தா உருளை, மேலே பல மீட்டர் நீள மட்டைகள். 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜியின் அலைநீளம் 8.6 சென்டிமீட்டர். தண்டின் எப்சிலானை 30 என்று வைத்தால் உள்ளே அது சுமார் 1.6 சென்டிமீட்டராகச் சுருங்கும். அரை மீட்டர் தடிமனும் 5 மீட்டர் உயரமும் உள்ள ஒரே ஒரு தண்டை, அந்தச் சுருங்கிய அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கு பக்கமுள்ள பெட்டிகளாக வெட்டினால் 25 கோடிப் பெட்டி. ஒரு மரத்துக்கு!

யாரும் அப்படிச் செய்வதில்லை. நல்லவேளையாக ஈரத்தண்டு அலையைச் சில சென்டிமீட்டருக்குள்ளேயே தின்றுவிடும். அதனால் உட்பக்கத்தை விட்டுவிட்டு, தண்டின் மேற்பரப்பை ஒரு மோசமான உலோகம் மாதிரி நடத்தி ஒரு தடை எண்ணைக் கொடுத்துவிடலாம். உருளைக்கான காகித விடையும் இருக்கிறது. மட்டையின் ஓலைகளை மெல்லிய தகடாகவும் நடு நரம்பை மெல்லிய உருளையாகவும் எடுத்து, ஒவ்வொன்றின் சிதறலையும் தனியே கணக்கிட்டு, காட்டின் அடர்த்திக்கு ஏற்பக் கூட்டுவார்கள். துல்லியம் குறையும், ஆனால் சராசரியாக எவ்வளவு இழப்பு என்று தெரியும். அதுதானே தேவை?

இப்போது பதில். ஓலை சில சென்டிமீட்டர் அகலம். 700 மெகாஹெர்ட்ஸின் 43 சென்டிமீட்டர் அலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை, 3.5 கிகாஹெர்ட்ஸுக்கு அது அரை அலைநீளத்தை நெருங்கும் பெரிய தடை. அதனால் தோட்டத்துக்குள் முதலில் செத்துப்போவது வேகமான 5ஜி. கீழ் அதிர்வெண் தட்டுத் தடுமாறி வந்துசேரும். மட்டைகள் தலை உயரத்தில் அடர்ந்து நிற்கும் இளம் மரங்களுக்கு நடுவே நிலைமை மோசம். மட்டை எட்டாத உயரத்தில் இருக்கும் முதிர்ந்த மரங்களின் கீழே தண்டுகளுக்கு இடையே வழி இருப்பதால் கொஞ்சம் பரவாயில்லை. மழை விட்டதும் ஓலையில் ஒட்டியிருக்கும் நீர் இன்னும் கொஞ்சம் பிடுங்கும். தோட்டத்தில் ஆண்டெனா வைப்பதாக இருந்தால், மட்டை உயரத்தைத் தாண்டி வையுங்கள். பூஸ்டரில் காசு கொட்டுவதற்கு முன் கம்பத்துக்குச் செலவழியுங்கள்.

மழை வந்தால் சாட்டிலைட் டிவி ஏன் நின்றுவிடுகிறது?

இதுவும் சிதறல் கணக்குதான். 12 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 25 மில்லிமீட்டர், மழைத்துளி சில மில்லிமீட்டர். சின்னப் பொருள்தானே, எளிய சூத்திரம் போதும் என்று தோன்றும். போதாது. அந்த அதிர்வெண்ணில் நீருக்குள் அலைநீளம் சுமார் 3 மில்லிமீட்டராகிவிடுகிறது. துளிக்கு உள்ளே முழு அலையே அடங்கிவிடும். ஆகவே மீயின் முழுக் கணக்கு வேண்டும். சக்தி இழப்பில் பெரும்பங்கு துளி உறிஞ்சிக்கொள்வது, சிதறடிப்பது அதற்குப் பிறகுதான். பெரிய துளிகள் விழும்போது அடிப்பக்கம் தட்டையாகிவிடுவதால் கிடையாக ஆடும் அலை கூடுதலாக அடிபடும். தட்டைத் துளிக்குப் பீட்டர் வாட்டர்மேன் 1965-இல் கொடுத்த டி-மேட்ரிக்ஸ் முறையைப் பயன்படுத்துகிறார்கள். மாலை இடிமழையை எந்த மென்பொருளும் நிறுத்தாது. பெரிய தட்டு வைத்தால் நிற்கும் நேரம் குறையும், அவ்வளவுதான்.

ஸ்டெல்த் விமானம் ரேடாரில் தெரியாதாமே?

தெரியும், குறைவாகத் தெரியும். 10 கிகாஹெர்ட்ஸ் ரேடாருக்கு நேர் எதிரே 1 சதுர மீட்டர் உலோகத் தகட்டை நிறுத்தினால், அது சுமார் 14,000 சதுர மீட்டர் இலக்கு மாதிரி மின்னும். அதே இடத்தில் 1 சதுர மீட்டர் குறுக்குப் பரப்புள்ள உலோகக் கோளம் வெறும் 1 சதுர மீட்டராகத்தான் தெரியும். ஆனால் தகட்டை ஒரு டிகிரிக்கும் குறைவாகச் சாய்த்தாலே திரும்பும் அலை கிட்டத்தட்ட மறைந்துவிடும், சக்தி வேறு பக்கம் போய்விடும். அமெரிக்காவின் ஸ்டெல்த் விமானமான எஃப்-117 தட்டைத் தட்டையாக இருப்பதன் ரகசியம் இதுதான். சோவியத் விஞ்ஞானி பியோத்தர் உஃபிம்த்சேவ் 1962-இல் வெளியிட்ட விளிம்புச் சிதறல் கோட்பாட்டை அமெரிக்கர்கள் எடுத்துக் கணினியில் போட்டார்கள். 1970களின் கணினிக்குத் தட்டைப் பரப்பைக் கணக்கிடத்தான் தெம்பு இருந்தது, விமானமும் அப்படியே வந்தது. கணக்கு முறையின் பலவீனம் ஒரு விமானத்தின் உருவத்தையே தீர்மானித்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

வானத்திலிருந்து பார்த்தால் செம்பனையும் பால்மரமும் வேறு வேறாகத் தெரியுமா?

ரேடார் செயற்கைக்கோளுக்குப் பல நேரம் தெரியும். 2014-இல் ஏவத் தொடங்கிய ஐரோப்பாவின் சென்டினல்-1 சுமார் 5.5 சென்டிமீட்டர் அலையில் பார்க்கிறது. அதன் கண்ணுக்கு மரத்தின் உச்சியில் உள்ள மட்டைகள்தான் தெரியும். ஜப்பானின் ஆலோஸ் செயற்கைக்கோள் சுமார் 23 சென்டிமீட்டர் அலையில் இன்னும் ஆழமாக இறங்கி, தண்டிலும் தரையிலும் பட்டுத் திரும்புவதையும் பிடிக்கும். ஓலை வடிவம், தண்டின் தடிமன், ஈரம் எல்லாம் மரத்துக்கு மரம் வேறு என்பதால் சிதறலும் வேறு. சென்டினல் படங்கள் இலவசம், ஆர்வமுள்ளவர்கள் தங்கள் ஊரையே இறக்கிப் பார்க்கலாம்.

இதைக் கற்க எங்கே தொடங்குவது? செலவாகுமா?

செலவே இல்லை. முதலில் கோளத்துக்கான மீ தொடரை நீங்களே பைத்தானில் எழுதுங்கள், ஐம்பது வரிக்குள் அடங்கும். அடுத்து கம்பி ஆண்டெனாவுக்கு நெக்-2, அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவான பழைய மொமென்ட் முறை நிரல், இன்றும் சோறு போடுகிறது. யீ முறைக்கு ஓப்பன்-இஎம்எஸ், மீப் இரண்டும் இலவசம். கல்லூரி கொடுக்கும் விலையுயர்ந்த மென்பொருளை அதற்குப் பிறகு தொடுங்கள். படிவம் ஆறின் இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம் முடித்தவர்களுக்கு நிபோங் தெபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது, மின் மின்னணுப் பொறியியல் அங்கேதான். கணிதத்தில் வெக்டர் கால்குலசையும் நேரியல் அல்ஜீப்ராவையும் விடாமல் பிடியுங்கள். இயற்பியலில் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், மேட்ரிக்ஸ் என்றால் ஓடுபவருக்கு இந்த வேலை சரிப்படாது.